பதினோராம் திசை

ஊற்றுக்கேணித் தெருவில் பதினோராவது திசை திறந்துகொண்ட வாரம் லாரித் தண்ணீர் வரவில்லை, அதனால் தெருப் பேச்சு முழுக்கத் தண்ணீரைப் பற்றியே இருந்தது. கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு என்று நாலும், அவற்றின் மூலைகள் நாலும், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பத்துத் திசைகளை வைத்துக்கொண்டு அந்தத் தெரு இத்தனை காலமும் குறையில்லாமல் குடித்தனம் நடத்தி வந்திருந்தது, இன்னொன்று வேண்டும் என்று யாரும் மனுப் போட்டதில்லை. அடிபம்புக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே, குடங்களை வரிசையில் வைக்கிற இடத்தில், வலதும் இல்லாமல் இடதும் இல்லாமல், முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் ஒரு பக்கம் இருப்பதைக் குடங்கள்தான் முதலில் கண்டன. வரிசையின் முன்னால் நின்ற பச்சைக் குடம் ஒன்று காற்றில் சாய்ந்து அந்தப் பக்கமாக உருண்டு போய், வெகுநேரம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து உருண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றது. குடத்துக்காரி, யாரோ தன் குடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனாள், அந்தச் சண்டை ஓய்ந்த பிறகுதான் திசையைப் பற்றி விசாரிக்க ஜனங்களுக்கு நேரம் கிடைத்தது.

அதற்கு 'அப்பால்' என்று பெயர் வந்தது. யாரும் கூடி வைத்த பெயரில்லை. ஆளைக் காணோமே என்று கேட்டால் அப்பால போயிருக்காரு என்று சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. உள்ளே போக வித்தை ஒன்றும் வேண்டாம், அடிபம்பில் முதுகைச் சாய்த்து டிரான்ஸ்பார்மரைப் பார்த்து நின்று, திரும்பாமலே திரும்பினால் போதும், முதல் தடவை கொஞ்சம் தலை சுற்றும், அடுத்த தடவை கால் தானே வழி கண்டுகொள்ளும். உள்ளே ஒரு சந்து, மண் தரை, இரண்டு பக்கமும் காலி மனை, வெளியே என்ன வெளிச்சமோ அதே வெளிச்சம், வெளியே என்ன புழுக்கமோ அதே புழுக்கம். அந்தச் சந்தில் எங்கும் வளையாமல் நேராக நடந்துகொண்டே இருந்தால் புறப்பட்ட அடிபம்புக்கே மறுபக்கமாக வந்து சேரலாம். உலை வைத்துவிட்டுக் கிளம்பினால் சோறு வடிக்கிற நேரத்துக்குச் சரியாகத் திரும்பிவிடலாம் என்று பெண்கள் சொன்னார்கள், அப்பாலுக்கு அதுவே அளவாகிப்போனது.

சர்க்கரை வியாதிக்காரர்கள் நடக்கப் போனார்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் புத்தகத்தோடு போனார்கள், கோபித்துக்கொண்ட மருமகன்கள் ஒரு சுற்றுப் போய்க் கோபம் ஆறித் திரும்பினார்கள், ஸ்கூட்டர் பழகுகிறவர்கள் மாநகரத்திலேயே உருப்படியான சாலை இது ஒன்றுதான் என்று மெச்சினார்கள். வார்டு கவுன்சிலர் வந்து ஏற்கெனவே திறந்திருந்த திசைக்கு ரிப்பன் வெட்டி மறுபடியும் திறந்துவைத்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகாசலம், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இங்கே குப்பை கொட்டாதீர்கள் என்று ஒரு பலகை மாட்டினார். கங்கையம்மன் புறப்பாட்டை அப்பால் வழியே கொண்டுபோவது என்று முடிவானபோதுதான் சிக்கல் வந்தது. சாமி வலமாகத்தான் வர வேண்டும், ஆனால் வலதும் இடதும் இல்லாத திசையில் வலம் எது என்று எந்த ஐயருக்கும் பூசாரிக்கும் தெரியவில்லை. சங்கம் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, டீக்கு மேல் டீ குடித்து, பம்பில் கிளம்பி டிரான்ஸ்பார்மரில் முடிப்பதே வலம் என்று தீர்மானம் போட்டது. சாமி அப்படிப் போனதால் மனிதர்களும் அப்படியே போனார்கள், எதிராக நடந்து வருகிறவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

அந்தத் தெருவில் இப்படியொரு திசையை வெகுகாலமாக எதிர்பார்த்திருந்த ஒரே ஆள் வெற்றிச்செல்வி. அவளுடைய அப்பா கட்சிக்காரர், மகளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டுத் தான் நின்ற ஒரே தேர்தலில் டெபாசிட்டைப் பறிகொடுத்தவர். மகள் அதே அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டே படித்து, நகரத்தின் தென்கோடியில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாகி, தலை நரைத்த பிறகும் அதே மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தாள். உலகத்தில் உள்ள எல்லாத் துகள்களும், கல்லும் கறிவேப்பிலையும் கவுன்சிலரும், உள்ளே போய்ப் பார்த்தால் அதிர்கிற இழைகள்தான் என்பது அவளுடைய துறை. அந்தக் கணக்கு ஒத்துவர வேண்டுமானால் நமக்குத் தெரிந்த திசைகள் போக இன்னும் சில திசைகள், துகளுக்குள் இருக்கும் துகளும் நுழைய முடியாத அளவுக்குச் சுருண்டு கிடக்க வேண்டும். துகள்களை மோதவிட்டு உடைத்துப் பார்க்கிற பெரிய பெரிய இயந்திரங்கள் எதிலும் அப்படி ஒன்று அகப்படவில்லை, கூடப் படித்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அவள் மட்டும் பாதி ஆயுளை அந்தச் சுருளுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பால் திறந்த செய்தி கேட்டு நிலையத்துக்காரர்கள் வந்தார்கள், வெளிநாட்டிலிருந்தும் சிலர் வந்தார்கள், கருவி வைத்து அளந்தார்கள், ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை போட்டார்கள், கட்டுரை எழுதுவதற்காக அவசர அவசரமாகக் கிளம்பிப் போனார்கள். வெற்றிச்செல்வி எல்லோரும் போன பிறகு தனியாக உள்ளே போய், மண் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், இத்தனை வருஷம் தன்னைப் பைத்தியம் என்று சொன்னவர்களை நினைத்தும் அழுதாள். அழுது முடித்தபோது வெளியே தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது, முகத்தைத் துடைத்துக்கொண்டு குடம் எடுக்க ஓடினாள்.

இது எப்படி வந்தது என்று தெருவில் கேட்டவர்களுக்கு அவள் பாயைச் சொல்லி விளக்கினாள். மூலையில் சுருட்டி நிறுத்திய பாயைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கழியாகத் தெரியும், விரித்தால் ஒரு குடும்பமே படுக்கலாம், நம் தெருவில் ஒரு பாய் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். விரித்தது யார் என்று கேட்டதற்கு, தெரியாது என்று உண்மையைச் சொன்னாள். அதற்கு மேல் தெருவும் கேட்கவில்லை.

காலி மனை என்று ஒன்று இந்த நகரத்தில் எத்தனை நாள் காலியாக இருக்கும். கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை, வெள்ளம் வரும், ஆபத்து, கிளம்புங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லி லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்தார்கள். அங்கே வேலையும் இல்லை, பஸ்ஸும் இல்லை, பொழுது விடிந்தால் போவதற்கு ஓர் இடமும் இல்லை. மீன் வறுத்து விற்கிற தேசம்மா அங்கிருந்து சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தே திரும்பி வந்தவள். அவள்தான் முதலில் அப்பாலில் குடிசை போட்டாள், அடிபம்பிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சம தூரத்தில், ஆகக் கடைசியில், யார் கண்ணையும் உறுத்தாத இடமாகப் பார்த்துப் போட்டாள். அவளுக்குப் பக்கத்தில் மீன்பாடி வண்டி ஓட்டுகிற ஏகாம்பரம் வந்தான், அவனுக்குப் பின்னால் கரைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். தெருக்காரர்கள் வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை, வறுத்த மீன் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்ததில் அவர்களுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

வீடுகள் எழுந்து, ஆட்கள் அவரவர் வாசலில் நிலைகொண்ட பிறகு, அப்பாலைச் சுற்றி நடக்கிறவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் நடை வேகம் கூடிவிட்டதாகப் பெருமை அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள், வழக்கமான சுற்றைச் சீக்கிரமே முடித்துவிட்டு மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டார்கள். உலை வைத்துவிட்டுப் போன பெண்கள் திரும்பி வந்தால் அரிசி நறுக்கரிசியாகவே இருந்தது, அரிசியின் மேல் பழி விழுந்தது. தேசம்மா வீட்டுக்கும் ஏகாம்பரம் வீட்டுக்கும் நடுவே அவனுடைய வண்டி தாராளமாகத் திரும்புகிற அளவுக்கு இருந்த இடம், ஒருநாள் வண்டி திரும்பாத இடமாகிப் போனது. தேசம்மா துணி துவைக்கிற கல்லை நகர்த்திப் போட்டுவிட்டாள் என்றான் அவன். அவன்தான் வண்டிக்கு முட்டுக்கொடுக்கிற கல்லைத் தள்ளித் தள்ளி வைக்கிறான் என்றாள் அவள். இருவரும் கரையில் ஒருவர் வீட்டுக் கஞ்சியை ஒருவர் குடித்து வளர்ந்தவர்கள், அதனாலேயே பேச்சு மிகவும் தடித்துப் போனது, கடைசியில் ஆளுக்குப் பாதிச் செங்கல் போட்டு, இடைவெளியில் மட்டும் இல்லாமல் சந்து வழியையும் அடைத்து, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள்.

சுவர் எழும்பிய பிறகு அப்பாலை யாரும் முழுதாகச் சுற்ற முடியவில்லை. பம்புப் பக்கமாகப் போகிறவர்கள் தேசம்மாவின் சுவர்வரை போய்த் திரும்பினார்கள், டிரான்ஸ்பார்மர்ப் பக்கமாகப் போகிறவர்கள் ஏகாம்பரத்தின் சுவர்வரை போய்த் திரும்பினார்கள். இடைவெளிகள் இன்னும் வேகமாகக் காணாமல் போயின, எல்லா வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டார்கள், முளைக்குச்சி நட்டார்கள், கயிறு கட்டினார்கள், விடியற்காலையில் எழுந்து குச்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள். தணிகாசலம் டேப்பை எடுத்துப் போய் ஒவ்வொரு மனையாக அளந்தார்; ஒருவர் வீடும் ஒரு விரல்கடைகூடக் கூடவில்லை, ஒருவர் வீடும் குறையவில்லை, ஆனாலும் மொத்தத்தில் இடம் குறைந்திருந்தது. அவர் டேப்பின் மேல் சந்தேகப்பட்டுப் புது டேப் வாங்கினார்.

வெற்றிச்செல்விக்கு மட்டும் விஷயம் புரிந்தது. விரிந்த பாய் சுருண்டுகொண்டிருக்கிறது, அதன்மேல் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். முழுதாகச் சுருண்டால் அத்தனை வீடும் அத்தனை ஜனமும் ஒரு துகளுக்குள் போய்விடுவார்கள், தேடி எடுக்க எந்த இயந்திரமும் கிடையாது. அவள் நிலையத்துக்கு லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டையும் தூக்கத்தையும் மறந்து, கரும்பலகையை அழித்து அழித்து எழுதினாள், பாதி ஆயுளாகப் போட்ட கணக்கை முதலிலிருந்து மறுபடி போட்டாள். விடை வந்தபோது அது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. சுருண்ட திசையில் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தால், அந்த ஓட்டம்தான் சுருளைச் சுருங்கவிடாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். அத்தனை பேரும் ஒரே பக்கமாக நடந்த காலத்தில் அப்பால் அகலமாக இருந்ததற்கு அதுதான் காரணம். சுவர்வரை போய்த் திரும்பி வருகிற நடையால் புண்ணியம் இல்லை, போனதை வந்தது கழித்துவிடும்.

அவள் நேராகத் தேசம்மாவிடம் போனாள். சுவரை இடித்துவிட்டு எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றி நடந்தால் இடம் சுருங்காது, யாரும் யார் இடத்தையும் எடுக்கவில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். தேசம்மா மீனைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.

"சொவுத்த இடிச்சா நான் இடத்த திருடினேன்னு ஒத்துக்கினா மாரி ஆவாது? அவன மொதல்ல இடிக்கச் சொல்லு, வெற்றி."

ஏகாம்பரமும் இதையே சொன்னான், அவளை முதலில் இடிக்கச் சொல்லு என்றான். சங்கக் கூட்டத்தில் தணிகாசலம், நடந்தால் ஒடம்புக்கு நல்லது என்று எனக்கும் தெரியும் வெற்றிம்மா, ஆனால் இடத்துக்கு நல்லது என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இடம் தானாகச் சுருங்கி அந்த நகரத்தில் யாரும் பார்த்ததில்லை, பக்கத்து வீட்டுக்காரன் ஓரடி தள்ளிச் சுவர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆடி பிறந்து கூழ் ஊற்றுகிற சமயத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. அப்பாலில் வசிப்பது ஆபத்து, உடனே வெளியேறுங்கள் என்று அது அடிபம்படியில் நின்று கத்தியது. தேசம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள், இந்தச் சொல்லை அவள் ஏற்கெனவே ஒரு தடவை நம்பியிருக்கிறாள். ஆட்டோவோடு வந்த அதிகாரி நல்ல மனிதர், வெற்றிச்செல்வியின் மாடிக்கு ஏறி வந்து, நீங்கள் ஒரு வார்த்தை ஆபத்து என்று சொன்னால் போதும், போலீசை வைத்து ஒரே காலையில் எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிடலாம், உயிராவது மிஞ்சும் என்றார். ஆபத்து என்பது உண்மை, அதைச் சொல்லிவிட்டால் அவளுடைய பொறுப்பு முடிந்துவிடும். ஆனால் உயிரோடு லாரியில் ஏறினவர்கள் எங்கே போய் இறங்குவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். கணக்கில் பிழை இருந்தால் அத்தனை பேரும் போய்விடுவார்கள், பிழை இல்லாவிட்டால் அத்தனை பேருக்கும் வீடு இருக்கும். ஆடி முடியும்வரை எனக்குத் தவணை கொடுங்கள் என்று கேட்டாள்.

"உங்க கணக்கு தப்பா இருந்தா, மேடம்?"

"தப்பா இருந்தா நானும் உள்ளதான் சார் இருப்பேன்."

அன்றைக்கே அவள் பாயையும் ஸ்டவ்வையும் கரும்பலகையையும் ஏகாம்பரத்தின் வண்டியில் ஏற்றிக்கொண்டு அப்பாலுக்குக் குடிபோனாள். தேசம்மா வீட்டுச் சுவரோரம் கிடைத்த இடத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டினாள், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலியும் அந்தப் பக்கம் ஒரு முக்காலியும் போட்டாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பம்பிலிருந்து கிளம்பி, கயிறு கட்டியவர்களின் கயிற்றைத் தாண்டி, முளைக்குச்சி நட்டவர்களின் குச்சியைச் சுற்றி, தேசம்மாவின் சுவரில் ஏறி, ஏகாம்பரத்தின் பக்கம் இறங்கி, டிரான்ஸ்பார்மரில் முடித்து, மறுபடி பம்பிலிருந்து கிளம்பினாள். காலையில் நடந்தாள், வெயிலில் நடந்தாள், கூழுக்கு நிற்கிற வரிசையை ஊடுருவிக்கொண்டு நடந்தாள், படித்துப் படித்து முத்திவிட்டது என்று சொன்னவர்களின் வாசலிலும் நடந்தாள். அவளுக்கு வலது முழங்கால் வெகுநாளாகவே சரியில்லை, சுவர் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அது அவளுடைய தைரியத்தைக் கேட்டுப் பார்த்தது. ஒரு ஆளின் நடை போதாது என்று கணக்கு சொல்லியிருந்தது, சுருங்குவது கொஞ்சம் மட்டுப்படும், நிற்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தே நடந்தாள். உட்கார்ந்து போவதைவிட நடந்து போவது மேல் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

சோறு வடிக்கிற நேரமாக இருந்த சுற்று, உலை கொதிக்கிற நேரமாகச் சுருங்கியது. பிறகு அப்பளம் பொரிக்கிற நேரமானது. ஒருவர் வீட்டுக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவில் இடித்தது, குழம்பு ஒரு வீட்டில் கொதித்தால் எல்லா வீட்டிலும் வாசம் வந்தது, ஒருவர் தும்மினால் எங்கேயோ ஒருவர் நூறு என்றார். அப்போதும் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் முறைத்தார்கள்.

ஆடிக் கடைசி ஞாயிறன்று தேசம்மா வாசலில் அடுப்பை மூட்டி, மீன் குழம்புக்குத் தாளிக்கச் சட்டியில் எண்ணெயை ஊற்றிக் கடுகைப் போட்டாள். வெற்றிச்செல்வி சுவரில் ஏறி அந்தப் பக்கம் இறங்குவதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். கடுகு எண்ணெயில் கிடந்தது. சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினாள், வெற்றிச்செல்வி பம்புப் பக்கத்திலிருந்து நொண்டி நொண்டி வந்து மறுபடி முக்காலியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள், முழங்காலில் புடவை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. சட்டியைப் பார்த்தாள். கடுகு இன்னும் வெடிக்கவில்லை.

ஒலிபெருக்கி சொன்னதையும் கரும்பலகை சொன்னதையும் நம்பாத தேசம்மாவுக்குத் தன் கையால் போட்ட கடுகை நம்பாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பயம் அவளுக்குப் புதிது; இதுவரை அவள் வெளியே தள்ளப்படுவதற்குத்தான் பயந்திருக்கிறாள்.

"கீழ எறங்கு," என்றாள்.

வெற்றிச்செல்வி முக்காலியில் நின்றபடி மூச்சு வாங்கினாள். "எறங்க மாட்டேன்க்கா. நின்னா சுருங்கிடும்."

"ஏறாத, எறங்குன்னு சொல்றேன். இன்னாத்துக்கு ஏறணும்? போ, போன்னு சொன்னவங்களத்தான் இத்தினி நாளு பாத்துக்கினு இருக்கேன். போலீசுகாரன் சொன்னான், ஆபீசரு சொன்னான், ஓட்டு கேட்டு வந்தவனும் செயிச்சப்புறம் சொன்னான். நடன்னு சொன்னவ நீ ஒருத்திதான். சொல்லிட்டு கூட வந்து நடந்தவளும் நீதான்."

சட்டியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். முதல் குத்தில் காரை உதிர்ந்தது, இரண்டாம் குத்தில் ஒரு செங்கல் பெயர்ந்தது, மூன்றாம் குத்துக்குக் கையை ஓங்கியபோது அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கடப்பாரையின் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் குத்தினார்கள், ஓட்டை விழுந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தபோதும் பேசவில்லை, சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்த பிறகுதான் ஏகாம்பரம் வாயைத் திறந்தான்.

"யக்கா, கல்ல நான் நவுத்தல."

"நானுந்தான் நவுத்தல. நட."

அவர்கள் நடந்தார்கள். மீன் கரண்டியோடு தேசம்மா, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏகாம்பரம், நடுவில் இருவர் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டு வெற்றிச்செல்வி. முதல் சுற்றில் கயிறு கட்டியவர்கள் கயிற்றை அவிழ்த்தார்கள், அடுத்த சுற்றில் குச்சி நட்டவர்கள் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் சேர்ந்தார்கள், கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சொம்போடு வந்தார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்தார்கள், தணிகாசலம் டேப்பைக் கையில் பிடித்தபடி வந்தார், கங்கையம்மனைத் தூக்கிக்கொண்டு பூசாரியும் மேளக்காரர்களும் வந்தார்கள். இடித்துக்கொண்டும் மிதித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும், எல்லோரும் ஒரே பக்கமாக, சாமி வருகிற பக்கமாக நடந்தார்கள். தாளிக்க வைத்த சட்டியை எடுக்க மறந்துவிட்டதே என்று தேசம்மா திரும்பிப் போக எத்தனித்தபோது வெற்றிச்செல்வி அவளைப் பிடித்துக்கொண்டாள், திரும்ப வேண்டாம், நேராகப் போனாலே சட்டி வரும் என்றாள். நேராகப் போனார்கள், சட்டி வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தது. வெற்றிச்செல்வி அங்கேயே நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், பின்னால் வந்தவர்கள் நிற்காதே நட என்று அவளை அதட்டினார்கள்.

ஒருநாள் நடந்து விட்டுவிடுகிற வேலை இல்லை இது என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. தண்ணீருக்கு எப்படியோ அப்படியே நடைக்கும் முறை வைத்தார்கள். அடிபம்படியில் வரிசையாகக் குடம் இருக்கும், எந்தக் குடம் முன்னால் வருகிறதோ அந்த வீட்டிலிருந்து ஆள் கிளம்ப வேண்டும், காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டார் போக வேண்டும், குடத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்து ஏமாற்றுகிறவர்களை என்ன செய்வது என்று அந்தத் தெருவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி முடிந்த மறுநாள் அதிகாரி போலீசோடு வந்தார். தேசம்மா வாசலிலேயே மறித்து, பேச்சு அப்புறம், மொதல்ல ஒரு சுத்து என்றாள். அவர் வெற்றிச்செல்வியைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். ஆபத்தா, இல்லையா?"

"நின்னா ஆபத்து சார். நடந்தா இல்ல."

அவர் செருப்பை இறுக்கிக்கொண்டு நடந்தார், போலீசாரும் பூட்ஸோடு பின்னால் நடந்தார்கள். கனத்த ஆட்கள், தணிகாசலத்தின் டேப்பின்படி அப்பால் அன்றைக்கு ஒரு சாண் கூடியது. திரும்பி வந்த அதிகாரி தேசம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒலிபெருக்கி ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டார். நிலையத்திலிருந்து வந்த பெரியவர்களும் வெளிநாட்டுக்காரர்களும்கூட அதன் பிறகு கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்தால்தான் பேச முடிந்தது. அந்தத் தெருவுக்கு இன்றைக்குப் போனாலும் அப்படித்தான், யாராக இருந்தாலும், என்ன வேலையாகப் போனாலும்.

வெற்றிச்செல்வி மாடிக்குத் திரும்பவில்லை, தார்ப்பாய் இருந்த இடத்தில் ஓடு போட்டுக்கொண்டாள், தன் முறைக்கு மேல் பிறர் முறைக்கும் நடந்தாள். தை பிறந்து சில நாள் கழித்து ஒரு காலையில் தேசம்மா உலையில் அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, பழைய நாள் நினைப்பில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தன் சுற்றுக்குக் கிளம்பினாள். போனாள், போனாள், வழியில் யார் யாரோடோ பேசிக்கொண்டு போனாள், வெயில் ஏறிய பிறகுதான் வீட்டு வாசல் வந்தது. பானையைத் திறந்து பார்த்தாள், சோறு குழைந்து அடியும் பிடித்திருந்தது.

அவள் பானையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெற்றிச்செல்வியின் வாசலுக்குப் போய் நின்றாள். இத்தினி தூரத்த எவ இழுத்து வுடச் சொன்னா, ஒரு பானை சோறு நாஸ்தியாப் போச்சே என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கத்திக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அந்தக் குழைந்த சோற்றைத் தட்டில் போட்டு, நேற்று வைத்த மீன் குழம்பை ஊற்றி, அவளை உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னாள். வெற்றிச்செல்வி ஒரு வாய் எடுத்து வைத்தாள். வெளியே ஏகாம்பரத்தின் முறை நடந்துகொண்டிருந்தது, அவன் வண்டி வாசலைத் தாண்டி நேராகப் போயிற்று.